மனசு பக்கம் போகாத நோட்டு

"வித்தியாசம் இல்லை சார்" என்றார் புள்ளியியல்காரர்.

பெரிய டாக்டருக்கு மண்டை காய்ந்தது. இரண்டு வருஷ உழைப்பு. அடுத்த வாரம் மாநாடு. டிக்கெட் கூடப் போட்டாகிவிட்டது.

"சரியாப் பாத்தீங்களா?"

"மூணு தரம் பாத்துட்டேன். எப்படிச் சோதிச்சாலும் இதுதான் வருது."

கருதுகோள் எளிது. மனதில் இருப்பதைக் கொட்டி எழுதினால் ஆபரேஷன் புண் சீக்கிரம் ஆறும். சீட்டுக் குலுக்கி நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். முப்பது பேர் தினமும் மனக்குறையை எழுத வேண்டும். மற்ற முப்பது பேர் என்ன சாப்பிட்டோம், யார் வந்தார்கள் என்று மட்டும் எழுதலாம். மனசு பக்கமே போகக் கூடாது. நோட்டில் பெயர் கிடையாது, நம்பர்தான்.

இரண்டு கட்சிக்கும் சராசரி ஒன்பது நாளில் புண் ஆறியிருந்தது.

நோட்டு கொடுத்து வாங்கிய நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் குடைந்தார். அந்தம்மா மென்று விழுங்கி ஒருவழியாக விஷயத்தைக் கக்கினார். இரண்டாவது முப்பது பேர் எழுதி முடித்ததும் கட்டிலோரம் உட்கார்ந்து, மனசுக்கு எப்படி இருக்கு என்று ஒரு வார்த்தை கேட்பாராம். அவர்களும் கொட்டித் தீர்ப்பார்களாம்.

"எழுதக் கூடாதுன்னுதானே சார் சொன்னீங்க. பேசக் கூடாதுன்னு சொல்லலையே."

"ஏம்மா, உங்க கருணையைக் காட்ட என் ஆராய்ச்சிதான் கெடச்சுதா? குடம் பால்ல துளி விஷம் விட்டுட்டு நிக்கறீங்களே. நாளைக்கே வேற வார்டுக்குப் போயிடுங்க."

நர்ஸம்மா தலை குனிந்தார்.

புள்ளியியல்காரர் கனைத்தார். இரண்டாவது கட்சியில் ஒரே ஒருவருக்கு மட்டும் புண் ஆற இருபத்திரண்டு நாள் பிடித்திருக்கிறது. நாற்பத்தேழாம் நம்பர்.

"அவர்கிட்ட மட்டும் நான் பேசலை சார்" என்றார் நர்ஸம்மா. "தனி அறை. யாரும் உள்ள போய்த் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு."

டாக்டர் நிமிர்ந்தார். முப்பதில் ஒருத்தராவது விதிப்படி நடந்திருக்கிறாரே.

"அதை எடுங்க. அந்த ஒரு நோட்டாவது சுத்தமா இருக்கும்."

சுத்தமாகத்தான் இருந்தது. விதி மீறி ஒரு சொல் இல்லை. டாக்டருடைய அப்பாவின் கோணல் கையெழுத்தில், இருபத்திரண்டு நாளும் ஒரே மாதிரி:

'காலை ரொட்டி. மதியம் சோறு. பெரிய டாக்டர் வந்து புண்ணைப் பார்த்தார். மகன் வரவில்லை.'