பச்சைப் பொத்தான்

உப்பளத்தில் பெட்டி சுமந்த செண்பகவல்லி எம்.பி. ஆகி முதன்முதலாகப் பேசியபோது அவையே மேஜையைத் தட்டியது. நான்காம் ஆண்டு, உப்பள நிலங்களைத் துறைமுகத்துக்கு எடுத்துக்கொள்ளும் மசோதா வந்தது. "எதிர்த்து ஓட்டுப் போட்டா பதவி போயிரும்மா. பச்சையை அழுத்துங்க" என்றார் கட்சிக் கொறடா. அழுத்தினாள்.

மறுவாரம் ஊருக்கு வந்தாள். இன்னமும் உப்பு வாருகிற அக்கா பேச்சியம்மாள் சோறு போட்டாள்.

"டிவியில பாத்தியாக்கா?"

"பாத்தோம். அளத்துப் பொம்பளைங்க எல்லாரும் உக்காந்து பாத்தோம்."

செண்பகவல்லி தட்டை நகர்த்தி வைத்தாள். "என்னைய நாலு வார்த்தை திட்டுக்கா" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவளை 'ஏட்டி' என்றே கூப்பிட்ட அக்கா, குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க சாப்பிடுங்கம்மா."