வாசலில் கேட்க வேண்டிய கேள்வி

"பெண் பார்க்கப் போனா வலையில கால் வைக்காதே. வெளியே நின்னுக்கிட்டு முதல்ல ஒண்ணு கேட்கணும்" என்று மாமா சொல்லியிருந்தார். என்ன கேட்கச் சொன்னார் என்பதுதான் துரும்பனுக்கு மறந்துபோயிற்று. மாமாவிடமே போய்க் கேட்கவும் வழியில்லை. அவரும் ஒருநாள் அதைக் கேட்க மறந்து உள்ளே போனவர்தான்.

துரும்பன் கடுகளவு ஆண் சிலந்தி. வலை நடுவில் தொங்கிய கருப்பாயியோ, கடித்தால் மாடே சுருண்டுவிடும் என்று பெயரெடுத்தவள். அவன் ஓர இழையை மெல்லச் சுண்டினான்.

"சௌக்கியமா?"

"சௌக்கியந்தான்." அவள் ஓரடி நெருங்கினாள்.

"வலை நீங்களே பின்னினதா?"

"வேற யாரு? உள்ள வந்து பாருங்களேன்." இன்னும் நெருங்கினாள்.

துரும்பன் ஓரடி பின்வாங்கினான். வாய்க்கு வந்ததைக் கேட்டுவைத்தான்.

"சாப்டாச்சா?"

கருப்பாயி அப்படியே நின்றாள். "வந்தவங்கள்ல ஒருத்தரும் இதைக் கேட்டதில்ல. நேத்திலிருந்து பட்டினி."

அந்த நேரம் பார்த்து வலையின் மறுகோடியில் ஒரு வெட்டுக்கிளி வந்து சிக்கியது.

"முதல்ல போய்ச் சாப்பிடுங்க" என்றான் துரும்பன்.

அவள் ஓடிப்போய் ஒரு கடி கடித்தாள். "எனக்கு மென்னு திங்க வராது. என் வாய்ச்சாறு ஏறி உள்ளே கூழானாத்தான் உறிஞ்ச முடியும். நேரமாகும், பரவாயில்லையா?"

"நிதானமா ஆகட்டும். எனக்கென்ன அவசரம்?"

உறிஞ்ச உறிஞ்ச அவள் வயிறு பளபளவென்று உருண்டு வந்தது. முகமும் மலர்ந்தது.

"போதும், நிறைஞ்சிடுச்சு. இனி முட்டைப் பையே கட்டலாம்" என்று சிரித்தாள். "உள்ள வாங்க."

துரும்பனும் சிரித்தான். வெட்டுக்கிளியில் ஒரு தொடை மிச்சமிருந்ததைப் பார்த்தான்.

"அதையும் முடிச்சிடுங்களேன்."

அது தீரும்வரை வெளியிலேயே நிற்பதென்று முடிவு செய்தான்.