ஆலையின் வாக்குமூலம்

முழுதாக எரிவதற்குமுன் கயிற்று ஆலை தானாகக் கொடுத்த வாக்குமூலத்தை வக்கீல் கதிரேசன் வாசித்துக் காட்டினார். வெள்ளிக்கிழமை மாலை மோட்டார் சூடேறித் தீப்பிடித்தது, உள்ளே யாரும் இல்லை என்று ஆலை சொல்லியிருந்தது.

முதலாளி கோகிலவாணிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "நான் உள்ளதானுங்க இருந்தேன். வாராவாரம் போல மோட்டாருக்குச் சூடம் காட்டினேன். அதுலதான் நார் பத்திக்கிச்சு."

"அத வெளிய சொன்னா இன்சூரன்ஸ் வராதுங்கக்கா. கட்டடம் பொய் சொல்லாதுன்னு சட்டமே இருக்குது. மனுசங்களுக்குத்தான் ஞாபகம் பிசகும்."

"அப்ப அது என்னையக் காப்பாத்துதா, இல்ல அதுக்கே மறந்துபோச்சா?"

"அதக் கேக்கறதுக்கு ஆலை எங்கீங்க இருக்குது?" சிரித்தபடி அவர் கைரேகைப் பலகையை நகர்த்தினார்.

சூடம் காட்டியது ஒருவேளை அதற்கு முந்தைய வெள்ளியோ என்று அவள் குழம்பினாள். தீப்பிடித்த அன்று உள்ளே இல்லை என்பதற்கு ஒப்புதலாகப் பெருவிரலை வைத்தாள். பலகை ஏற்கவில்லை. சேலையில் துடைத்து மறுபடி வைத்தாள். அப்போதும் ஏற்கவில்லை.

பெருவிரலில் சூடம் சுட்ட கொப்புளம் இன்னும் அமுங்கவில்லை.

கதிரேசனும் அதைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேற வெரல வைங்கக்கா."