எழுந்து போகாத கூட்டம்

"கருஞ்சுறா பேண்டு இன்னா பெரிய பேண்டு? நாலு பேரு கிட்டாரை மாட்டிகினு கத்துறானுங்கோ!" என்றான் பிரகாஷ்.

அவன் மனைவி வினிதாவுக்குச் சுருக்கென்றது.

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி, திருவொத்தியூர் கிரவுண்டுல, கொட்டுற மழையில விடியற வரைக்கும் பாடுனாங்கோ. நான் முன்வரிசையில குந்திகினு இருந்தேன். ஒருத்தன் எழுந்து போவல. சும்மாவாயா?"

"இன்னிக்கும் அங்கதானே பாடுறானுங்கோ? பாதியில எவனாவது கிளம்புனா, நம்ம பெட்ரூம்ல கீற அவனுங்க போஸ்டரைக் கிழிச்சிடணும். சரியா?"

"சரிய்யா! எவனும் போவ மாட்டான்."

பிரகாஷ் வேலைக்குக் கிளம்பித் தெருமுனைக்கு வந்தான். அங்கே நின்றிருந்த அவனுடைய கண்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் கருஞ்சுறாவின் பாடகர் காத்திருந்தார்.

"நைனா, கிரவுண்டுக்கு ஒரே கேட்டுதான். போன தபா மழையில நிறுத்துன மாதிரியே உன் வண்டியைக் குறுக்கால நிறுத்திடேன். பிரேக்டவுன்னு சொல்லிக்கலாம்," என்று கெஞ்சினார்.

பிரகாஷ் பெட்ரூம் சுவரை நினைத்துக்கொண்டான்.

"போன தபா நெசமாவே பிரேக்டவுன் சார். இன்னிக்கு வண்டி ஷோக்கா கீது."