முதல் கேள்வி

“எங்க வேலை போகுமா, போகாதா? அதைச் சொல்லுக்கா.”

“மனித ஆற்றலை மேம்படுத்தும் இந்தப் பயணத்தில்...”

“போச்சு, பயணம் கிளம்பிடுச்சு” என்று தலையில் கை வைத்துக்கொண்டான் தம்பி.

மேடைக்குப் பின்னால், ஒப்பனை அறையில் அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பயம் பாதி, சந்தோஷம் பாதி. மனிதரைப் போலவே போனில் பேசும் செயற்கை நுண்ணறிவை இன்னும் சற்று நேரத்தில் அவளுடைய நிறுவனம் அறிமுகப்படுத்தப் போகிறது. பேசி முடித்ததும் பொதுமக்கள் எது வேண்டுமானாலும் கேட்கலாம். நேரடி ஒளிபரப்பு வேறு. மழுப்பினால் மானம் போகும், உளறினால் கம்பெனியே அம்பேல்.

அதனால்தான் வாழ்த்துச் சொல்ல வந்த தம்பியைப் பிடித்து எதிரே உட்காரவைத்திருந்தாள். அலுவலக ஆட்கள் கேள்வி கேட்டால் தாலாட்டுப் பாடுவது போல இருக்கும். இவன் வங்கி வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்பவன். தினமும் திட்டு வாங்கி வாங்கி, குடைந்து கேட்கும் கலை அவனுக்கும் தொற்றியிருந்தது.

“காலையிலேருந்து போன் பண்றேன், எங்கடா போய்த் தொலைஞ்சே?”

“ஒரு மீட்டிங்க்கா. பேச்சை மாத்தாதே. எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்காம, வீட்ல பேசுற மாதிரி சொல்லு. வேலை போகுமா?”

அக்கா கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

“போகும்டா. எத்தனை பேருக்குன்னு எனக்கே தெரியாது. ஆனா, வேற வேலை கத்துக்கொடுக்காம ஒருத்தரையும் அனுப்ப மாட்டோம்னு கையெழுத்துப் போடுற கம்பெனிக்குத்தான் இதை விப்பேன்.”

“மேடையில இதையே சொல்வியா?”

“கேட்டா சொல்வேன்.”

“நிஜமா?”

“உன் மேல சத்தியம்டா.”

தம்பி துள்ளி எழுந்தான். முகமெல்லாம் பல்.

“அது போதும். கலக்குக்கா, நான் போய் உட்கார்றேன்.”

அவள் பேசி முடித்தபோது கைதட்டலில் அரங்கமே அதிர்ந்தது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நிகழ்ச்சியை நடத்துபவர் மைக்கை எடுத்தார்.

“முதல் கேள்வியைக் கேட்கப்போகிறவர், அழைப்பு மையப் பணியாளர் சங்கத்துக்கு இன்று காலைதான் தலைவராகத் தேர்வானவர்.”

மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்த தம்பி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மைக்கை வாங்கினான்.

“மேடம், எங்க வேலை போகுமா, போகாதா?”