தாங்குமா?

லிஃப்டில் ஏற்றியிருந்த காருக்கு அடியில் நின்று, பூச்சு உரிந்துபோன சைலன்சர் குழாயைச் சுரண்டி, சூடு தாங்கும் பெயிண்டை இரண்டாவது முறையாக அடித்து முடித்திருந்தான் மரியசூசை. பூச்சு இறுகுவதற்காக இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கார்க்காரர் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"போன தடவையும் சூடு தாங்கும்னுதான் சொன்ன. இப்பவாவது தாங்குமா?"

"தாங்கும் சார்."

"அப்ப கையை வச்சுக் காட்டு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. பட்டறை அவனுடைய அண்ணன் சவரிமுத்துவுடையது. அண்ணன் எப்படியும் தடுத்துவிடுவான் என்று திரும்பிப் பார்த்தான். அவனோ கார்க்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வைடா. ஒரு நொடிதானே" என்றான் அண்ணன்.

மரியசூசை வலது கையை உயர்த்தி, உள்ளங்கையைக் குழாயில் பதித்தான். அலறக்கூட மூச்சு வரவில்லை. கையை இழுத்தபோது தோல் குழாயிலேயே ஒட்டிக்கொண்டது.

கார்க்காரர் கிட்டே வந்து குழாயை மட்டும் உற்றுப் பார்த்தார். "அசிங்கம் பண்ணிட்டானே" என்றார்.

"இப்பவே சரி பண்ணிடுவான் சார்" என்ற சவரிமுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, உப்புத்தாள் ஒன்றைக் கிழித்துத் தம்பியின் இடது கையில் வைத்தான்.