பாறைத் தும்பைக்கு ஒரு பெயர்

அவள் கடிதத்தை மூன்றாம் முறையாகப் படித்தாள்.

லண்டனிலிருந்து கப்பலில் வந்து, பழனி மலை ஏறிய கடிதம்.

புதிய இனம்தான் என்று தாவரவியல் சங்கம் ஒப்புக்கொண்டிருந்தது. அவள் கேட்ட பெயரை மட்டும் வைக்கவில்லை. உள்ளூர்க் கூலியாட்களின் பெயரைச் செடிகளுக்குச் சூட்டும் வழக்கம் இல்லையாம். அவளுடைய நீண்ட உழைப்பை மதித்து அவள் பெயரையே சூட்டியிருந்தார்கள்.

கூடவே ஓர் அச்சுத்தாள். சாய்ந்த எழுத்தில், லத்தீனில்: இம்பேஷியன்ஸ் விட்மோரியே.

அவள் மிஸ் விட்மோர்.

இருபத்தாறு வருடங்களாக இந்த மலையில் செடி தேடுகிறாள். இதற்கு முன் கண்டெடுத்தவை ஐந்து. ஒன்றுக்கு, அதை வர்ணித்து எழுதிய பேராசிரியரின் பெயர். இன்னொன்றுக்குக் கவர்னர் மனைவியின் பெயர். அந்த அம்மாள் இந்த மலைப்பக்கமே வந்ததில்லை. ஒருமுறை மிஸ் விட்மோர் லண்டன் போயிருந்தபோது அவளுடைய கட்டுரையைச் சங்கத்தில் வேறொருவர் படித்தார். பெண்களுக்கு உள்ளே இடமில்லை. கைதட்டலை அவள் நடைவழியில் நின்று கேட்டாள்.

ஆனால் இந்தச் செடியைக் கண்டவள் அவள் அல்ல.

கண்டவன் சடையன். தேனெடுக்கக் கொடியைப் பிடித்துப் பாறையில் இறங்கும் மலைவாசி, பளியன். ஈரப்பாறையில் ஒட்டி வளர்ந்திருந்த அந்தக் காசித்தும்பையைப் பூவோடு கொண்டுவந்து கொடுத்தான்.

பூ போதாது, காயும் வேண்டும் என்றாள்.

மழை விடட்டும் என்றான்.

அதற்குள் காய் வெடித்துவிடும், இன்றைக்கே போ என்றாள்.

இரண்டு நாள் கழித்து ஓடையில் பிணமாகக் கிடந்தான். மடியில், இலையில் சுற்றி, நான்கு காய்கள் இருந்தன.

அவற்றை அவள் லண்டனுக்கு அனுப்பினாள்.

சடையனின் மனைவி குருவாயியிடம், அந்தச் செடிக்கு உன் புருஷன் பெயரை வைக்கச் சொல்லியிருக்கிறேன், உலகம் உள்ளவரை இருக்கும் என்று சொன்னாள். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை குருவாயி பள்ளத்துக் குடிசையிலிருந்து ஏறி வந்து விசாரித்துவிட்டுப் போனாள். வேறு எதுவும் கேட்டதில்லை.

இன்றும் வந்து வராந்தாப் படியில் நின்றாள்.

மேசைமேல் பதில் கடிதம் கிடந்தது. ‘இதை நான் ஏற்பதற்கில்லை’ என்று ஒரே வரி. காலையில் எழுதியது. அடுத்த வரி வரவில்லை.

“அவுக பேரு வந்திருச்சா, தொரசாணி?”

மிஸ் விட்மோர் நிமிர்ந்தாள்.

“வந்திருக்கு.”

குருவாயி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள். எங்கே என்று கேட்டாள்.

மிஸ் விட்மோர் அச்சுத்தாளை அவள் பக்கம் திருப்பினாள். சாய்ந்த எழுத்தைக் காட்டினாள்.

முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை குருவாயியின் விரல் மெல்ல நகர்ந்தது.

“இம்புட்டு நீளமாவா இருக்கு?”

“எங்க பாஷையில எழுதினா நீளும்.”

குருவாயி தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்று கேட்டாள்.

வெளியே தூறல் விழுந்தது.

மிஸ் விட்மோர் அச்சில் இருந்ததைப் படித்துச் சொன்னாள்.

குருவாயி சொல்லிப் பார்த்தாள். தடுக்கியது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

“வாயில நொழைய மாட்டேங்குது. இன்னொருக்கா சொல்லுங்க.”

மிஸ் விட்மோர் தன் பெயரை இன்னொரு முறை சொன்னாள்.

இந்த முறை குரல் நடுங்கவில்லை.